வைத்திலிங்கம் சேர் அளந்து கொடுத்த பலகை

முள்ளியவளையில் நான் வேலை செய்து ஓய்வு பெற்ற கணினி நிலையம் ஆண்டு விழாக் கொண்டாடப் போகிறது. அதற்கு ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள். கட்டுரை கேட்டு வீட்டுக்கு வந்த இரண்டு பிள்ளைகளும் மரியாதையான பிள்ளைகள். “தங்கேஸ் அக்கா, நிலையத்தப் பற்றி நல்லதா நாலு விசயம் எழுதித் தாங்கோ” என்றார்கள். நானும் இருந்து யோசித்துப் பார்த்தேன். நல்லதாக இரண்டு விடயம் வந்தது. மிச்சமெல்லாம் எங்கள் பணிப்பாளர் வைத்திலிங்கம் சேரைப் பற்றியதாக இருந்தது.

இன்றைக்கு அங்கே வேலை செய்கிறவர்கள் கோ என்கிற விளையாட்டின் பலகையைக் கைத்தொலைபேசியால் ஒரு படம் பிடிக்கிறார்கள். கறுப்புக் கல் எது, வெள்ளைக் கல் எது என்று அது தானே பார்த்து அச்சுக்குப் போகிற பக்கமாக ஆக்கித் தருகிறது. எங்கள் காலத்தில் ஒரு புத்தகத்துக்கு எவ்வளவு பாடுபட்டோம் என்று சொன்னபோது, வந்தவர்களில் ஒருத்தி, “கணினி இருந்தும் ஏனக்கா இவ்வளவு கஷ்டம்?” என்று கேட்டாள். கஷ்டம் கணினியால் வரவில்லை, பிள்ளை. அதைத்தான் எழுதப் போகிறேன். மலரில் போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

நான் தொழில் பழகியது வவுனியாவில் ஓர் அச்சகத்தில். கலியாணக் கார்ட், திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல். அச்சக முதலாளி எனக்குச் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்றுதான். மரண அறிவித்தலில் ஒரு பேத்தியின் பெயர் விடுபட்டாலும் செத்தவீட்டுக்காரர் அழுகையை நிறுத்திவிட்டு அச்சகத்துக்கு வருவார்கள். ஆகவே ஒரு பெயரையும் விடாதே. இந்த ஒரு பாடத்தோடு, யுத்தம் முடிந்து மீள்குடியேற்றத்துக்குப் பிறகு சொந்த ஊரான முள்ளியவளைக்கு வந்து, பெண்களுக்காகத் திறந்த கணினி நிலையத்தில் சேர்ந்தேன். வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பதுதான் அங்கே வேலை.

பணிப்பாளராக வந்தவர் வைத்திலிங்கம் சேர். காணிக் கந்தோரில் அரசாங்க அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். குளத்துக்குக் கீழே குடியேற்றத் திட்டங்களில் வயல் பிரித்துக் கொடுத்ததும், வேலிச் சண்டை விலக்குப் பிடித்ததுமாக அவருடைய உத்தியோக காலம் போயிருந்தது. கணினியை அவர் ஒரு நாளும் தொட்டதில்லை. தொடத் தேவையில்லை, அளந்தால் போதும் என்று நினைத்தார். வந்த முதல் நாளே அளவு நாடா பிடித்து எங்கள் மேசைகளைப் பிரித்து, நிலத்தில் வெள்ளைக் கோடு போட்டார். “உங்கட மேசை உங்கட காணி. மற்றவையின்ர காணிக்குள்ள போகக் கூடாது” என்றார். என் பிளேன்டீக் கோப்பை பக்கத்து மேசையில் இருந்தால் அது அத்துமீறல். காற்றாடி இரண்டு மேசைக்கு நடுவில் நின்றால் அது பொதுப்பாதைப் பிரச்சினை. ஒட்டுசுட்டானிலிருந்து வருகிற தவமணி, றோட்டில் யானை நின்றதால் பஸ் பிந்தியது என்று சொன்னால், யானை நின்றது காட்டுக்குச் சொந்தமான பக்கமா, றோட்டுக்குச் சொந்தமான பக்கமா என்று விசாரிப்பார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று கனைப்பதுதான் அவருடைய மேற்பார்வை.

இந்த நிலையத்துக்குத்தான் ஒல்லாந்திலிருந்து அந்த வேலை வந்தது. சின்னப் பதிப்பகம் ஒன்றை நடத்துகிற வயதான அம்மா அனுப்பியிருந்தார். எங்கள் வாயில் அவர் ஒல்லாந்தம்மா ஆகிவிட்டார். ஒல்லாந்தர் கோட்டை கட்டிவிட்டுப் போன பிறகு எங்கள் பக்கத்தை நினைத்துப் பார்த்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். அவருக்குக் கோ விளையாட்டைப் பழக்கிய குரு காலமாகிவிட்டார். குரு விளையாடிய ஆட்டங்களை ஒரு புத்தகமாகப் போட வேண்டும். அது சரியாக அமைந்தால் அடுத்தடுத்த புத்தகங்களும் எங்களுக்குத்தான் என்று சொல்லியிருந்தார்.

கோ என்றால் என்னவென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவர் அனுப்பிய விளக்கத்தை வாசித்துத்தான் விளங்கிக்கொண்டோம். பலகையில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்தொன்பது பத்தொன்பது கோடுகள். கோடுகள் வெட்டிக்கொள்கிற இடங்களில் கறுப்புக்காரரும் வெள்ளைக்காரரும் மாறி மாறிக் கல் வைப்பார்கள். வைத்த கல் நகராது. எதிராளியால் முழுக்கச் சுற்றி வளைக்கப்பட்ட கற்கள் செத்த கற்கள். கடைசியில் கூடுதலான இடத்தை வளைத்துக்கொண்டவர் வென்றவர்.

ஆட்டங்கள் எங்களுக்கு எழுத்தாக வந்தன. ஒவ்வொரு கல்லுக்கும் அதன் நிறமும் இரண்டு ஆங்கில எழுத்தும். முதல் எழுத்து இடப்பக்கத்திலிருந்து எத்தனையாவது கோடு, இரண்டாவது மேலிருந்து எத்தனையாவது கோடு. ‘ஏ’யில் தொடங்கி ‘எஸ்’ வரை. மென்பொருள் அதை வாசித்துப் பலகையைக் கீறி, கல்லை வைத்து, எத்தனையாவதாக வைத்த கல் என்ற எண்ணையும் கல்லின் மேல் போடும். மிச்சம் எங்கள் வேலை. முழு ஆட்டத்தையும் ஒரே படத்தில் போட்டால் வாசிக்கிறவருக்குக் கண் வலிக்கும். ஆகவே எங்கே வெட்டி அடுத்த படம் தொடங்குவது என்று பார்க்க வேண்டும். முந்திய படத்தில் எண்ணோடு நின்ற கல் அடுத்த படத்தில் எண்ணில்லாமல் நிற்க வேண்டும். ஒரு கல் செத்து எடுபட்ட இடத்திலேயே பிறகு இன்னொரு கல் வந்தால் ஓரிடத்தில் இரண்டு எண் போட முடியாது. படத்துக்குக் கீழே குறிப்பு எழுத வேண்டும். கோடு மெல்லிசாக இருந்தால் அச்சில் காணாமல் போகும், தடித்தால் கல்லைத் தின்னும். எனக்கு இந்த வேலை பிடித்துப் போனது. மரண அறிவித்தல் மாதிரித்தான், ஒருத்தரையும் விடாமல் அவரவர் இடத்தில் நிறுத்த வேண்டும். செத்தவர்களும் அதிகம்.

என்னோடு இந்தப் புத்தகத்தில் வேலை செய்தவள் பரீனா. முல்லைத்தீவு முஸ்லிம் குடும்பம். சின்னப் பிள்ளையாக இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, கலியாணம் கட்டி, வாப்பாவின் பழைய காணிக்குத் திரும்பி வந்தவள். வந்து பார்த்தால் வாப்பாவின் காணியில் வேறு ஆட்கள் வேலி போட்டிருந்தார்கள். கந்தோர் கந்தோராக ஏறி இறங்கித்தான் அதை மீட்டாள். கணவனுக்கு இங்கே நிரந்தரமாக ஒன்றும் அமையவில்லை. அவள் சம்பளம் நின்றால் அவர்கள் திரும்பவும் புத்தளத்துக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். இது அறையில் எல்லாருக்கும் தெரியும், சேருக்கும் தெரியும்.

முதல் பக்கங்களை அடித்து சேரின் மேசையில் வைத்தோம். விளையாட்டின் விளக்கத்தை நான் சொல்லச் சொல்ல அவருடைய முகம் மலர்ந்தது. வேலைக்கு வந்த பிறகு முதல் தடவையாக ஒரு விடயம் அவருக்கு விளங்கியிருந்தது.

“அப்ப இது காணி பிடிக்கிற விளையாட்டு!” என்றார். பிறகு பக்கத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. “ஏன் எல்லாரும் வரம்பில நிக்கினம்?”

“விளையாட்டே அப்பிடித்தான் சேர். கோடும் கோடும் வெட்டுற இடத்திலதான் வைக்கிறது.”

“ஆர் சொன்னது?”

“கணினி அப்பிடித்தான் கீறுது.”

“கணினிக்குக் காணிச் சட்டம் தெரியுமோ?” என்று கேட்டார். “எல்லைக் கோடு ரெண்டு பேருக்கும் பொது, கண்டியளோ. அதில ஒருத்தரும் குடியிருக்கேலாது. முப்பது வருசம் இதத்தானே சனத்துக்குப் படிப்பிச்சனான். எல்லாக் கல்லையும் பெட்டிக்குள்ள வையுங்கோ.”

ஒல்லாந்தம்மா மாதிரிக்கு அனுப்பியிருந்த பக்கத்தை எடுத்துக் காட்டினேன். அதிலும் கற்கள் கோட்டில்தான் நின்றன. சேர் அசையவில்லை. “அது அங்கத்த அச்சகத்தின்ர பிழை. நாங்கள் திருத்திக் குடுத்தா அந்த மனிசி சந்தோசப்படுவா” என்றார்.

எங்கள் கெட்ட காலம், அந்த மென்பொருளில் சதுரங்கம் போன்ற விளையாட்டுகளுக்கும் படம் போடலாம். அதற்காகக் காய்களைப் பெட்டிக்குள் நகர்த்துகிற ஒரு தெரிவு இருந்தது. தவமணி வாயைக் கட்ட முடியாமல் அதைச் சொல்லிவிட்டாள். தட்டினோம். எல்லாக் கல்லும் கோட்டை விட்டு வலப்பக்கம் கீழாக ஒரு அரைப் பெட்டி நகர்ந்தது.

இங்கேதான் சிக்கல். பத்தொன்பது கோட்டுக்கு நடுவில் பதினெட்டுப் பெட்டிதான் உண்டு. வலது ஓரக் கோட்டிலும் கீழ் ஓரக் கோட்டிலும் நின்ற கற்களுக்குப் பெட்டியே இல்லை. அவை சட்டத்துக்கு வெளியே போய்த் தொங்கின. பரீனா சேரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“வெளியில நிக்கிறது அத்துமீறல்தானே” என்றார் சேர், யோசிக்கவே இல்லை. “அகற்றுங்கோ.”

“சேர், இதுகள் முந்தியே அங்க நிண்டதுகள். நாங்கள்தான் எல்லாத்தையும் தள்ளி வச்சுப்போட்டு இப்ப இதுகளுக்கு இடமில்லை எண்டுறம்” என்றாள் பரீனா.

அவள் கல்லைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்று எங்களுக்கெல்லாம் உறைத்தது. உறைக்க வேண்டியவருக்கு மட்டும் உறைக்கவில்லை. “பிள்ளை, இடமில்லாட்டி இடமில்லை. நான் இப்பிடி எத்தினை வழக்குப் பாத்தனான்” என்று சொல்லிவிட்டு பிளேன்டீ குடிக்கப் போனார்.

பரீனா அழிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு கல்லுக்கும் மென்பொருள், உண்மையாகவே அழிக்கவா என்று கேட்டது. அந்த இயந்திரத்துக்கு இருந்த தயக்கம் கூட சேருக்கு இருக்கவில்லை. இடையிடையே எண்கள் காணாமல் போயின. எனக்கு வவுனியா முதலாளியின் முகம் கண்ணுக்கு முன் வந்து நின்றது. போய், “சேர், எண்கள் விடுபடுது, வாசிக்கிறவை கண்டுபிடிப்பினம்” என்று திரும்பவும் சொன்னேன். “நீங்கள் வாயைக் குறைச்சு வேலையைக் கூட்டுங்கோ” என்றார். எனக்கு வாய் நீளம்தான். ஆனால் அன்றைக்கு அது போதவில்லை.

புத்தகம் போனது. ஒரு கிழமைக்குள் ஒல்லாந்தம்மாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கோபமாகக்கூட எழுதவில்லை. கடைசி ஆட்டம் தன் குரு வென்ற ஆட்டம், உங்கள் புத்தகத்தில் அவர் தோற்றுப் போயிருக்கிறார், எப்படி என்று கேட்டிருந்தார்.

நானும் பரீனாவும் அந்த ஆட்டத்தைப் பழையபடி திறந்து, கற்களைக் கோட்டிலேயே விட்டு, ஒன்றிலிருந்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். அதுவரை நாங்கள் கற்களை எண்ணியிருக்கிறோமே தவிர ஆட்டத்தைப் பார்த்ததில்லை. குரு வெள்ளை. கீழ் வலது மூலையில் அவருடைய கற்கள் ஒரு கூட்டமாக மாட்டிக்கொள்கின்றன. மேலே கறுப்பு, பக்கத்தில் கறுப்பு, போக வழியில்லை. அப்போது அவர் ஆகக் கீழே, கடைசிக் கோட்டில் ஒரு கல் வைக்கிறார். பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அப்படியே ஓரத்தால் ஊர்ந்து ஊர்ந்து போய் அடுத்த பக்கத்தில் நிற்கிற தன் ஆட்களோடு சேர்ந்துவிடுகிறார். மூலையில் மாட்டியவர்கள் எல்லாரும் பிழைத்தார்கள். நாங்கள் அழித்தது அந்த ஓரத்துக் கற்களைத்தான்.

“இவ்வளவு சனத்தையும் அந்தக் கரையில நிண்டதுகள்தானே அக்கா காப்பாத்தியிருக்குதுகள்” என்றாள் பரீனா. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். கணினிக் கல்லுக்காக அழுத முதல் இரண்டு பேர் வன்னியில் நாங்களாகத்தான் இருப்போம்.

திருத்திய பக்கத்தை எடுத்துக்கொண்டு சேரிடம் போனால், அவர் ஏற்கெனவே பதில் அனுப்பிவிட்டார். பயிற்சி போதாத ஒரு பெண் கவனக்குறைவாகக் கற்களை அழித்துவிட்டாள், அவளை வேலையை விட்டு நீக்குகிறோம். எங்களுக்கு வாசித்தே காட்டினார். நான் பொறுக்கமாட்டாமல், “அழிக்கச் சொன்னது நீங்களெல்லோ சேர்!” என்றேன்.

“சொன்னது நான். அழிச்ச கை ஆரின்ர கை?” என்று கேட்டார். முப்பது வருடம் கந்தோரில் இருந்தவருக்கு இப்படி ஒரு பதில் கையில் இல்லாமல் இருக்குமா?

ஒல்லாந்தம்மாவோ அந்த மாதம் இலங்கைக்கு வர இருந்தார். முல்லைத்தீவுப் பக்கமும் வந்து நிலையத்தைப் பார்க்கிறேன் என்று எழுதினார். சேர் வாழை கட்டினார், பெயர்ப்பலகைக்குப் புதுப் பூச்சு அடித்தார், உளுந்து வடைக்குச் சொன்னார். பரீனாவிடம், “அம்மா வாற அண்டைக்கு வந்து மன்னிப்புக் கேட்டிட்டு, அதோட வேலையால நிண்டு கொள்ளுங்கோ” என்றார். அவள் வீட்டில் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார்கள். புத்தளத்தில் பெரியம்மாவின் வீட்டில் ஓர் அறை பார்த்தாகிவிட்டது என்று கணவன் சொன்னானாம்.

ஒல்லாந்தம்மா உயரமான, மெலிந்த மனுசி. தலையில் தொப்பி, தோளில் துணிப்பை. மாலை போட்டார்கள், வடை கொடுத்தார்கள், சேர் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட வரவேற்புரை வாசித்தார். அதில் கோ விளையாட்டின் தத்துவம் காணி உரிமை என்று வந்தது. அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பரீனா சுவரோரமாகத் தன் முறைக்கு நின்றாள். தேநீர் கொடுக்கிற சாட்டில் நான் அம்மாவிடம் போனேன். என்னுடைய ஆங்கிலம் கலியாணக் கார்ட் ஆங்கிலம். அதில் கிடைத்த சொற்களைப் பொறுக்கி, எங்கள் சேர் கோ விளையாட்டில் மிகப் பெரிய கெட்டிக்காரர் என்றும், வன்னியிலே அவரை வெல்ல ஆளில்லை என்றும் சொன்னேன். இரண்டாவது உண்மைதான். வன்னியில் வேறு ஒருவரும் விளையாடுவதில்லை.

அம்மாவின் முகம் விளக்குப் போட்டது போல ஆனது. துணிப்பைக்குள் கையை விட்டு ஒரு சுருட்டிய பலகையையும் இரண்டு பை கற்களையும் எடுத்தார். மேசையில் விரித்தார். கறுப்புக் கற்களை சேரின் பக்கம் தள்ளி, நீங்களே தொடங்குங்கள் என்றார்.

சேருக்கு என்ன நடக்கிறதென்று ஒரு கணம் பிடிபடவில்லை. நான் பக்கத்தில் நின்று, “தலைவர் நீங்கள்தானே சேர், நீங்கள் விளையாடாமல் ஆர் விளையாடுறது?” என்றேன். அது போதும். சால்வையைச் சரிசெய்துகொண்டு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கறுப்புக் கல் ஒன்றை எடுத்தார். பலகையை மேலிருந்து கீழாக ஒரு காணியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். பிறகு ஒரு பெட்டியின் சரி நடுவில், நாலு பக்கமும் சமமாக இடம் விட்டு, கல்லை வைத்து விரலால் அழுத்தினார்.

அம்மா அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். கை தவறிவிட்டது என்று நினைத்திருப்பார். பண்பாக ஒரு விரலால் அதைக் கோடுகள் வெட்டுகிற இடத்துக்கு நகர்த்திவிட்டார். சேர் அதைவிடப் பண்பாகச் சிரித்து, கல்லைத் திரும்பப் பெட்டிக்குள் இழுத்தார்.

“நோ மேடம்,” என்றார். “பவுண்டரி.”

அம்மா பலகையைப் பார்த்தார். பலகையின் வலது ஓரத்தைப் பார்த்தார், கீழ் ஓரத்தைப் பார்த்தார். அவருடைய விரல் ஓரக் கோட்டின் நீளத்துக்குப் போய் வந்தது. பிறகு நிமிர்ந்து, சுவரோரம் நின்ற பரீனாவைப் பார்த்தார். நீக்குவதாக எழுதியது இந்தப் பெண்ணையா என்று சேரிடம் கேட்டார். சேர் வாய் திறக்க முன் நான் ‘யெஸ்’ என்றேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஆங்கிலச் சொல் அது.

அம்மா குரலை உயர்த்தவில்லை. அந்தப் பெண் இங்கே இருந்தால் அடுத்த புத்தகம் வரும் என்றார். அவள் இல்லையென்றால் வராது என்றார். வடைத் தட்டைத் தள்ளிவிட்டுக் கற்களைப் பைக்குள் போட்டார்.

“ஓம் ஓம், நானும் அதத்தான் சொல்ல இருந்தனான்” என்று சேர் எங்களிடம் தமிழில் சொன்னார். அடுத்த நாள் எல்லாக் கல்லும் கோட்டுக்குத் திரும்பியது. அதற்கும் அவர்தான் கட்டளை போட்டார். பலகை விடயத்தில் தான் நீண்ட காலமாக ஆய்வு செய்து இந்த முடிவுக்கு வந்ததாக ஒரு கூட்டத்தில் சொன்னார். மூன்று புத்தகம் முடிந்தபோது, வெளிநாட்டு வேலையைத் திறம்பட நடத்தியதற்காக அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்துகிற படத்தை அந்த வருட நிலைய அறிக்கைக்காகப் பக்கத்தில் பொருத்தியதும் நான்தான்.

நல்லதாக வந்த இரண்டு விடயம் என்று தொடக்கத்தில் சொன்னேனே. ஒன்று, அந்தக் குரு புத்தகத்தில் வென்றுவிட்டார். மற்றது, பரீனா பெட்டியை அவிழ்த்தாள். இப்போது பக்கம் அமைக்கிற பகுதிக்குப் பொறுப்பு அவள்தான்.

முந்தாநாள் மலரில் இதுவரை சேர்ந்த பக்கங்களின் அச்சுப்படியைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்பியிருந்தாள். உள்ளே எல்லாம் பார்த்தேன். வைத்திலிங்கம் சேர் தன் ஆசிச் செய்தியில் கோ விளையாட்டை வன்னி மண்ணுக்குக் கொண்டு வந்தவர் தான்தான் என்று எழுதியிருந்தார். அட்டைப்படத்தையும் அவரே பக்கத்தில் நின்று சொல்லிச் செய்வித்திருக்கிறார். நடுவில் அவர், பின்னால் ஒரு பெரிய கோ பலகை.

மாலையில் பரீனா தொலைபேசி எடுத்தாள். “அக்கா, அட்டையப் பாத்தனீங்களோ?”

“பாத்தனான்.”

“கல்லெல்லாம் பெட்டிக்குள்ள நிக்குதக்கா.”

“ஓம். கரையில ஒண்டும் இல்லை, கவனிச்சனியோ?”

“கவனிச்சன். என்னக்கா செய்யிறது? திருத்துறதோ? அட்டை நாளைக்கு அச்சுக்குப் போகுது.”

தொலைபேசிக்குள் அவள் வீட்டு வளவில் கோழி கத்துகிற சத்தமும், அவள் மகள் யாரையோ அதட்டுகிற சத்தமும் கேட்டது. அவள் வாப்பாவின் காணி அது.

“விடு பிள்ளை” என்றேன். “அட்டை அவரின்ர காணி. அதில அவர் நல்லா இருக்கட்டும். நீ உன்ர காணியில இருக்கிறாய்தானே.”